சாட்சி என்னும் சொல்

திருச்சபை வரலாற்றை வாசிக்கும்போது வேதசாட்சி, துதியர், மறைவல்லுநர், அருளாளர் ஆகிய சொற்கள் அடிக்கடி வருகின்றன. தேர்வுக்காக அவற்றை மனப்பாடம் செய்துவிடுகிறோம். பொருளறிந்து படித்தால் அவை நம்மோடும் பேசும்.

வேதசாட்சியை இன்று மறைசாட்சி என்கிறோம். இதற்குரிய கிரேக்கச் சொல் 'மார்த்துஸ்'. தான் கண்டதை மறைக்காமல் எடுத்துரைப்பவர் என்பதே அதன் முதற்பொருள். கிறிஸ்துவுக்காக அவ்வாறு எடுத்துரைத்தவர்கள் உயிரையும் கொடுக்க நேர்ந்ததால் அச்சொல் உயிர்த்தியாகத்தைக் குறிக்கலாயிற்று. யெருசலேமில் கல்லெறியுண்டு இறந்த புனித முடியப்பர் முதல் மறைசாட்சி. நம் தமிழகத்தில் புனித அருளானந்தர் 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டுண்டு இறந்தார்.

இரத்தம் சிந்தாமல் விசுவாசத்தை வாழ்ந்து காட்டியவர் துதியர். 1542-இல் இந்தியாவுக்கு வந்த புனித சவேரியார் இவ்வகையினர். போதனையாலும் எழுத்தாலும் திருச்சபைக்கு ஒளி தந்தவர் மறைவல்லுநர். 1970-ஆம் ஆண்டில்தான் இப்பட்டம் முதன்முதலாகப் பெண்களுக்குக் கிடைத்தது. அதைப் பெற்றவர்கள் அவிலா நகர் தெரேசம்மாளும் சியன்னா நகர் கத்தரீனம்மாளும் ஆவர்.

இனி, குமரி மாவட்டம் நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டனைக் காண்போம். இவர் திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர். குளச்சல் போரில் சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாயிடமிருந்து கிறிஸ்துவை அறிந்தார். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று 'லாசரு' ஆனார். 'கடவுளின் உதவி' என்னும் பொருளுடைய அப்பெயரே தமிழில் 'தேவசகாயம்' ஆயிற்று. தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்டவர்களோடு வேற்றுமை பாராமல் பழகினார். சிறையும் சித்திரவதையும் அனுபவித்து, 1752-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஒருவரைப் புனிதராக அறிவிக்கத் திருச்சபை அவசரப்படுவதில்லை. இறை ஊழியர், வணக்கத்துக்குரியவர், அருளாளர், புனிதர் என்பன வழக்கமான படிகள். மறைசாட்சிக்கு அருளாளர் பட்டம் வழங்கப் புதுமை தேவையில்லை. புனிதர் பட்டத்துக்கு ஒரு புதுமை வேண்டும். தேவசகாயம் 2012-இல் கோட்டாற்றில் அருளாளராகவும், 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களால் புனிதராகவும் உயர்த்தப்பட்டார். இந்தியப் பொதுநிலையினருள் முதல் புனிதர் இவரே.

'தேவசகாயம் பிள்ளை' என்றே அவரை நெடுங்காலம் அழைத்து வந்தனர். சாதிப்பெயரை நீக்க வேண்டுமெனப் பலர் வேண்டினர். அதன்படி அப்பெயர் நீக்கப்பட்டு, 'தேவசகாயம்' என்றே அவர் பீடமேறினார்.

நாமும் ஜவ்வாது மலையிலிருந்தும் செய்யாற்றங்கரை ஊர்களிலிருந்தும் வந்து ஒரே பெஞ்சில் அமர்கிறோம். ஆயினும் "நீங்க எந்த ஆளுங்க?" என்ற கேள்வி சாப்பாட்டு வேளையில் எழாமல் இல்லை. கேட்கப்பட்டவளின் முகம் வாடுவதைக் காண்பவர்கள் நாமே. கண்டும் பேசாதிருந்தால் நாம் வெறும் பார்வையாளர். "அப்படிக் கேட்காதே" என்று சொல்லி அவள் அருகில் அமர்ந்தால் நாம் சாட்சிகள். அதனால் ஓரிரு தோழிகளின் நட்பு குறையலாம். தேவசகாயம் கொடுத்த விலையை நினைத்தால், அது நம்மால் கொடுக்கக்கூடிய விலைதான்.