ஸ்பீக்கருக்கேற்ற ஆம்பிளிபையர்

இல்லத்திலிருந்தவாறே இன்னிசை கேட்டு மகிழ விழைவோர் பெரும்பாலும் ஸ்பீக்கரின் நலத்தையே ஆராய்வர், அதனை இயக்கும் ஆம்பிளிபையரையோ, “எத்தனை வாட்?” என்னும் ஒரே வினாவோடு வாங்கிவிடுவர். அது பிழையென்பதை யான் பிறர் பொருளிழக்கக் கற்றேன். சென்ற விடுமுறையில் என் மாமா தம் ஸ்டீரியோ ஸ்பீக்கர்களுக்கு ஆம்பிளிபையர் ஒன்று தேர்ந்து தருமாறு என்னைப் பணித்தார். சிறியது ஸ்பீக்கருக்குத் தீங்கு செய்யாதென்று நம்பி, விலை குறைந்த ஒன்றைத் தேர்ந்தேன். பத்து நாளில் ஒரு பக்கத்து ட்வீட்டர் ஊமையாயிற்று. தமிழ் பயில்வோனுக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கென வினவுவார்க்கு இதுவே விடை.

முதற்கண் அறியத்தக்கது ஸ்பீக்கரின் உணர்திறன். 2.83 வோல்ட் அழுத்தம் கொடுத்து, ஒரு மீட்டர் தொலைவில் எழும் ஒலியை டெசிபலால் அளப்பர். பி.பி.சி. நிறுவனத்தார் 1970களில் தம் ஒலிபரப்புப் பணிக்கென வகுத்த எல்.எஸ். 3/5ஏ என்னும் சிறு ஸ்பீக்கர் ஏறத்தாழ 83 டெசிபலே தரும். 89 டெசிபல் தரும் ஸ்பீக்கரோடு அஃது ஒத்தொலிக்க வேண்டின், இருமடங்கு வோல்ட் வேண்டும். தடை மாறாதிருக்க வோல்ட் இருமடங்காயின், வாட் நான்மடங்காகும் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இரண்டாவது மின்தடை. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் எனக் குறிக்கப்பெற்ற ஆம்பிளிபையர், அதற்கு 20 வோல்ட் அழுத்தமும் 2.5 ஆம்பியர் மின்னோட்டமும் அளிக்கின்றது. அதே 20 வோல்ட்டை 15 ஓம் தடையுள்ள எல்.எஸ். 3/5ஏ பெறுமாயின், ஏறக்குறைய 27 வாட்டே செல்லும். 1980களில் அமெரிக்காவில் தோன்றிய அப்போஜி சின்டில்லாவோ 1 ஓம் அளவினது. அது 20 ஆம்பியர் கேட்கும், அஃதாவது 400 வாட். அச்சுமையைத் தாங்கவல்ல ஆம்பிளிபையர்கள் சிலவே. ஏனையவை சூடேறி நின்றுவிடும், அன்றிச் சிதையும். முன்னது வோல்ட்டை வேண்டுவது. பின்னது ஆம்பியரை வேண்டுவது. இரண்டும் இயக்குதற்கு அரியவையே. எனினும் ஒன்றற்குப் பொருந்துவது மற்றொன்றற்குப் பொருந்தாது.

நிற்க. ஸ்பீக்கரின் பின்புறத்தில் எழுதிய ஓம் பொதுவான அளவே. உண்மைத் தடை அதிர்வெண்தோறும் மாறும். 8 ஓம் என்றது ஓரிடத்தில் 4 ஓமுக்கும் இறங்கக்கூடும். ஆதலின், மிகக் குறைந்த தடை எவ்வளவென்று கேட்டறிக. ஆம்பிளிபையரின் குறிப்பில் 8 ஓமுக்கும் 4 ஓமுக்கும் உரிய வாட்டுகளை ஒப்பிடுக. பின்னது முன்னதன் இருமடங்கை நெருங்குமாயின், மின்னோட்டம் அளிப்பதில் அது தளராதெனக் கொள்ளலாம்.

இனி, ட்வீட்டர் பழுதுற்ற காரணத்தை நோக்குவோம். ஆம்பிளிபையர் தன் வோல்ட் எல்லையை அடைந்த பின்னரும் ஒலியை உயர்த்தினால், அலைகளின் முடிகள் வெட்டுண்டு தட்டையாகும். அப்பொழுது இசையில் இல்லாத மேற்சுரங்கள் பிறக்கும். தாழ்ந்த ஒலிகள் எல்லையில் நின்றுவிட, உயர்ந்த ஒலிகள் மேலும் வளரும். இவை ட்வீட்டரின் நுண்ணிய கம்பிச்சுருளை அடைந்து அதனைச் சுட்டெரிக்கும். இயல்பாகக் கேட்டற்கு 5 வாட் போதுமாயினும், மிருதங்கத்தின் ஓரடி 10 டெசிபல் உயருமாயின், அக்கணத்திற்கு 50 வாட் வேண்டும். அவ்வுயர்ச்சிக்கு இடம் வைத்தே ஆம்பிளிபையரைத் தேர்தல் வேண்டும். பெரிய ஆம்பிளிபையரும் அளவின்றி முடுக்கப்படின் ஸ்பீக்கரைக் கெடுக்குமென்பதையும் மறத்தலாகாது.

மாமாவின் ஸ்பீக்கர்கள் 4 ஓம் தடையும் 84 டெசிபல் உணர்திறனும் உடையவை. யான் அவ்விரண்டனையும் முன்னரே நோக்கினேனல்லேன். இப்பொழுது 4 ஓமுக்கு 100 வாட் தரும் ஆம்பிளிபையர் அவற்றை இயக்குகின்றது. புதிய ட்வீட்டரும் நன்கு ஒலிக்கின்றது. செலவு முழுவதையும் மாமாவே ஏற்று, என்னை ஒரு சொல்லும் கடிந்திலர். அதுவே எனக்குப் பெருந்தண்டமாயிற்று. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டுமென்பர் நம் முதியோர். வாங்கச் செல்லும் நண்பர்கள் வீக்கத்தின் விலையைக் கேட்குமுன் விரலை அளந்து செல்வாராக.