ஆள்மாறாட்டமும் அதனைத் தடுக்கும் உபாயங்களும்

மரக்காணத்து உப்பளங்களில் பாத்தி கட்டுவோர் வரப்பிலுள்ள நண்டு வளையை அற்பமென்று விட்டுவிடுவதில்லை. விரல் நுழையும் அளவான வளையே, பல நாள் வெயிலில் முதிர்ந்த நீர் வீணாய்க் கசிந்து போவதற்குப் போதுமானது. நிலமுடையோர் தம் அடையாளத்துக்குரிய தாள்களைக் காப்பதிலும் அத்தகைய விழிப்பு வேண்டற்பாலது. ஒருவருடைய பெயர், எண், கைரேகை ஆகியவற்றை மற்றொருவன் தன்னுடையனவாகக் காட்டிப் பொருள் கவர்வதே ஆள்மாறாட்டமாம்.

இதன் பழமை

இக்குற்றம் புதிதன்று. 1858ஆம் வருஷத்தில் வங்காளத்து ஜங்கிப்பூரில் அதிகாரியாயிருந்த வில்லியம் ஹெர்ஷெல் என்பார், ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தவர் பின்னர் அதனை மறுக்காவண்ணம் அவருடைய கைப்பதிவை வாங்கினார். 1877இல் அவரே ஹூக்ளியில் பத்திரப் பதிவிலும், ஓய்வூதியம் வழங்குவதிலும் ரேகை வாங்கும் முறையைக் கையாண்டார். இறந்தவர் பெயரில் பிறர் ஊதியம் பெறுவதைத் தடுத்தலும் அதன் நோக்கங்களுள் ஒன்று.

ஆயினும் ரேகையும் களவு போகக்கூடும். 2018இல் தெலங்கானாவில் சிம் அட்டை விற்பவனொருவன், பதிவுத் துறையின் இணையதளத்திலிருந்த நிலப் பத்திரங்களினின்று ரேகைகளை எடுத்துப் போலி அச்சுகள் செய்து, ஆயிரக்கணக்கான சிம் அட்டைகளைப் பிறர் பெயரில் இயக்கியது வெளிப்பட்டது.

நம் ஜில்லாவில் நிகழ்ந்தது

விவசாயிக்கு வருஷத்திற்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாக அளிக்கும் பிரதம மந்திரி கிசான் திட்டத்தில் 2020ஆம் வருஷம் நிகழ்ந்த மோசடி, நம் விழுப்புரம் ஜில்லாவையும் உள்ளிட்டது. நிலமில்லாதோர் பலர் விவசாயிகளாகப் பதிவு செய்யப்பட்டனர். கொரோனா நிவாரணம் என்று தரகர் கூறக்கேட்டு, ஆதார் நகலையும் வங்கிக் கணக்கு எண்ணையும் கொடுத்தவர்களும் அவருள் இருந்தனர். அதிகாரிகளுக்குரிய கடவுச்சொற்கள் வெளியார் கைக்குச் சென்றமையே இதற்கு வாயிலாயிற்று. தமிழகத்தில் தகுதியற்றோர் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டனர் என்றும், தொகை ஏறத்தாழ 110 கோடி ரூபாய் என்றும் அப்போது அறிவிக்கப்பட்டது. விசாரணை குற்றப்பிரிவு குற்றப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. பெற்றவர்களிடமிருந்து பணம் திரும்ப வசூலிக்கப்பட்டது. பணத்தைச் சூழ்ந்தவன் தரகன். திருப்பிக் கட்டும் பொறுப்போ தாளைக் கொடுத்தவன் தலையில் விழுந்தது. இதனை யாவரும் ஊன்றி நோக்குவாராக.

விவசாயிகள் கைக்கொள்ள வேண்டியவை

1. ஆதார் நகல் கொடுக்க நேர்ந்தால், இன்ன காரியத்திற்கு, இன்ன தேதியில் என்று அதன் குறுக்கே எழுதிக் கையொப்பமிடுக. கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதார் போதுமான இடத்தில் அதனையே கொடுக்க. பழுதான நகலை நகலெடுக்கும் கடையில் விட்டு வருதல் கூடாது.

2. ஆதாரில் ரேகையைப் பூட்டி வைத்து, வேண்டும்போது திறந்துகொள்ளும் வசதி உண்டு. உழைப்பால் ரேகை தேய்ந்தவரை நோக்கி, "பதியவில்லை, மறுபடியும் வையுங்கள்" என்று ஒருவர் கூறினால், முதல் முறையின் முடிவைத் திரையில் காட்டும்படி கேட்டறிந்த பின்னரே விரலை வைத்தல் வேண்டும்.

3. கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவெண்ணை எவருக்கும் சொல்லலாகாது. வங்கியிலும் ஆதாரிலும் பதியும் கைப்பேசி எண் தம்முடையதாக இருத்தல் வேண்டும்; தரகருடையதாக இருத்தல் பெருங்கேடு.

4. கிழக்குக் கடற்கரைச் சாலையை அடுத்த நிலங்களின் விலை ஏறியுள்ளது. சென்னையிலும் புதுவையிலும் வசிக்கும் உடையவர்கள் ஆறு மாதத்திற்கொருமுறை வில்லங்கச் சான்று பார்த்துப் பட்டாவையும் சரிபார்த்தல் நலம். மூலப்பத்திரத்தைப் பிறரிடம் ஈடின்றி ஒப்படைத்தல் தகாது.

5. தந்தை இறந்தால் வாரிசுகள் தாமதமின்றிப் பட்டாவை மாற்றிக்கொள்க. இறந்தவர் தம் பெயரைத் தாமே வந்து காத்துக்கொள்ள இயலாதாகையால், வஞ்சகர் முதலில் நாடுவது அப்பெயரையே.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

முற்காலத்தில் அதிகாரியின் முத்திரை எத்தகையதோ, இக்காலத்தில் கடவுச்சொல்லும் அத்தகையது. வேலை மிகுதியென்று கணினி இயக்குபவரிடமோ உறவினரிடமோ அதனைக் கொடுத்தல், வெற்றுத் தாளில் முத்திரையிட்டுத் தருவதற்கு ஒப்பாகும். விண்ணப்பதாரரின் நிலத்தையும் ஆளையும் நேரிற் கண்டறியாது சான்று அளித்தலும் அவ்வாறே.

தீங்கு நேர்ந்தபின்

பணம் போயின் உடனே வங்கிக்கும், 1930 என்னும் சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவிக்க. ஆதார் பற்றி 1947 என்னும் எண்ணிற் கேட்கலாம். நிலம் பற்றியதாயின் சார்பதிவாளருக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீது பெறுக. பதிவு அலுவலகத்தில் ஆள்மாறாட்டம் செய்வோருக்கு 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் 82ஆம் பிரிவு ஏழாண்டு வரை சிறை விதிக்கிறது. எனினும் போலிப் பத்திரத்தை நீக்க வழக்காடுதல் பொருளையும் காலத்தையும் விழுங்குவதாகும். வரப்பு உடைந்தபின் மண் சுமப்பதினும் வளையை முன்னரே அடைப்பது எளிது. ஆகவே ஒவ்வொரு குடும்பத்தினரும் இம்மாதமே தம் பட்டாவையும் வங்கிக் கணக்கையும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பார்களாக.