தலையெழுத்தா? காரணமா?

கிழக்கேகோட்டை பஸ் நிலையத்தின் பக்கத்தில் பூ விற்கும் அம்மா ஒருவர் எங்கள் வகுப்புக்கு வருகிறார். ஒரு நாள் மாலை அவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டார்.

“மக்ளே, எனக்கு ஐம்பது வயசாச்சு. இனி எழுத்து மண்டையில ஏறாது. என் தலையெழுத்து அது” என்றார்.

நான் அவருக்கு பி. டி. உஷாவின் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

உஷா நம் கேரளத்துப் பய்யோளி ஊர்க்காரர். 1984இல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. அதில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் உஷா ஓடினார். மூன்றாவதாக வந்த ருமேனியா நாட்டுப் பெண்ணுக்கு 55.41 விநாடி ஆனது. உஷாவுக்கு 55.42 விநாடி. ஒரு விநாடியை நூறு பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் வித்தியாசம்! தூரத்தில் சொன்னால் சுமார் 7 சென்டிமீட்டர். நம் நான்கு விரல் அகலம். வெண்கலப் பதக்கம் கைநழுவியது.

இதைத் தலைவிதி என்று சொல்லிவிடலாம். ஆனால் காரணம் இருக்கிறது. ஓட்டத்தில் தலை, கை, கால் எது முதலில் கோட்டைத் தாண்டினாலும் கணக்கில் வராது. நெஞ்சு தாண்ட வேண்டும். அதனால் கடைசி அடியில் நெஞ்சை முன்னே தள்ளுவார்கள். உஷா அன்று அதில் தவறிவிட்டார். காரணம் தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம் அல்லவா?

அடுத்த ஆண்டு, 1985இல், ஜகார்த்தாவில் ஆசியத் தடகளப் போட்டி நடந்தது. உஷா 5 தங்கம் வாங்கினார். தடை ஓட்டத்திலும் தங்கம்! பிள்ளை பெற்ற பிறகு, 1998இல், தம் 34ஆம் வயதிலும் ஆசியப் போட்டியில் ஓடிப் பதக்கம் வாங்கினார்.

“அவ ஓடினா. எனக்கென்ன காரணம் இருக்கு?” என்று பூக்கார அம்மா கேட்டார். நல்ல கேள்வி.

சோதித்துப் பார்த்தோம். புத்தகத்தை முகத்தருகே வைத்தால் எழுத்து கலங்கியது. கையை நீட்டிப் பிடித்தால் தெளிவாகத் தெரிந்தது! நாற்பது வயதுக்கு மேல் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகத் தொடங்கும். அதனால் கிட்டத்தில் உள்ளது மங்கும். இது எல்லோருக்கும் வருவது. மண்டைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அரசுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள்.

இப்போது அந்த அம்மா ரேஷன் கார்டில் தன் பெயரைத் தானே படிக்கிறார். ‘ண’வும் ‘ன’வும் மட்டும் இன்னும் குழம்புகின்றன. எனக்கும் சில சமயம் குழம்பும்.