கிரீட் தீவின் கஃபாட்டோஸ்: பட்டுப்பூச்சி முதல் மலேரியாக் கொசு வரை

கிரேக்க நாடு என்றதும் நம் நினைவுக்கு வருவோர் சாக்ரடீஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் ஆகியோர்தாம். பள்ளிப் பாடமும் அவர்களோடு நின்றுவிடுகிறது. நம் காலத்திலும் அந்நாடு ஓர் அறிஞரை உலகுக்குத் தந்திருக்கிறது. அவர் பெயர் ஃபோட்டிஸ் கஃபாட்டோஸ். மூலக்கூறு உயிரியல் வேகமாக வளர்ந்துவந்த நாட்களில் அத்துறைக்கு ஓர் அடிப்படைக் கருவியைச் செய்து கொடுத்தவர்களுள் ஒருவர். படிப்பதற்காகப் பிறந்த மண்ணை விட்டுப் போனவர். போன இடத்தில் பெரும்பெயர் பெற்றவர். ஆயினும் பிறந்த ஊரிலேயே ஓர் ஆராய்ச்சி நிலையத்தை எழுப்பியவர். ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் போன்றோர் இவர் வரலாற்றில் கற்றுக்கொள்ள அறிவியலும் உண்டு; அமர்ந்து யோசிக்க வேண்டிய செய்தியும் உண்டு.

பிறப்பும் படிப்பும்

மத்தியதரைக் கடலில் உள்ள கிரீட் தீவின் ஹெராக்லியோன் நகரில் 1940 ஏப்ரல் மாதம் கஃபாட்டோஸ் பிறந்தார். அடுத்த ஆண்டு மே மாதத்தில் ஜெர்மானியப் படைகள் அத்தீவைக் கைப்பற்றின. உலகப் போர் முடிந்த கையோடு கிரேக்க நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. அது ஓய்ந்தது 1949-இல்தான். இப்படிப்பட்ட காலத்தில் வளர்ந்த இளைஞர் அமெரிக்கா சென்று, கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1961-இல் பட்டம் பெற்றார். பின்னர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1965-இல் முனைவர் பட்டம் பெற்றார். 1969-இல் அங்கேயே முழுப் பேராசிரியரானபோது அவருக்கு வயது 29. அப்பல்கலைக்கழக வரலாற்றில் மிக இளம் வயதில் அப்பதவி பெற்றவர்களுள் அவரும் ஒருவர்.

கூட்டைத் திறக்கும் சாவி

ஹார்வர்டில் அவருடைய முதல் ஆராய்ச்சி பட்டுப்பூச்சி இனத்தைச் சேர்ந்த அந்துப்பூச்சிகளைப் பற்றியது. பட்டுக்கூட்டை வெந்நீரில் இட்டு நூல் எடுப்பார்கள் என்பது நாம் அறிந்ததே. கூட்டைப் பொத்துக்கொண்டு பூச்சி வெளியே வந்துவிட்டால் நூலின் ஒழுங்கு கெட்டுவிடும். அதனால்தான் அதற்கு முன்பே கூட்டை எடுத்துவிடுகிறார்கள். ஆனால் இந்தப் பூச்சிக்குக் கடிக்கப் பல்லும் இல்லை, தாடையும் இல்லை. அவ்வளவு உறுதியான கூட்டிலிருந்து அது எப்படி வெளியே வருகிறது?

கஃபாட்டோஸும் அவருடைய ஆசிரியர் கேரோல் வில்லியம்சும் 1964-இல் இதற்கு விடை சொன்னார்கள். வெளியேறும் நாள் நெருங்கும்போது பூச்சியின் வாய்ப்பகுதியில் ஒரு நொதி சுரந்து உலர்ந்து படிகிறது. உரிய நேரத்தில் பூச்சி ஒரு திரவத்தைச் சுரந்து அதைக் கரைத்துக் கூட்டின் மேல் தடவுகிறது. பட்டு இழைகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் செரிசின் என்னும் பசையை அது கரைத்துவிடுகிறது. இழைகள் தளர்ந்து வழிவிடுகின்றன. அந்த நொதிக்குக் ‘ககூனேஸ்’ என்று பெயர்.

இந்த ஆராய்ச்சிக்குப் பயன்பட்ட ‘ஆன்தெரியா’ என்னும் பூச்சிப் பேரினத்தைச் சேர்ந்தவைதாம் நம் நாட்டின் தசர் பட்டும் அஸ்ஸாமின் மூகா பட்டும் தரும் பூச்சிகள். ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசாப் பகுதிகளில் குடியிருக்கும் நம்மவர்கள் தசர் கூடுகளை நேரிலேயே பார்த்திருப்பார்கள். பிற்காலத்தில் நம் நாட்டுப் பட்டு ஆராய்ச்சியாளர்களும் அக்கூடுகளை மென்மையாக்கி நூல் எடுக்க இந்த நொதி உதவுமா என்று ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஜீனுக்குப் படி எடுத்தவர்கள்

அடுத்து அவர் கவனம் பட்டுப்பூச்சி முட்டையின் ஓட்டின் மேல் சென்றது. கடுகு போன்ற அந்த முட்டையின் ஓடு நூற்றுக்கும் மேற்பட்ட புரதங்களால் ஆனது. உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகக் கூடாது. வெளிக்காற்றோ உள்ளே வர வேண்டும். அப்படி ஓர் ஓட்டைக் கட்ட எந்த ஜீன் எந்த நேரத்தில் வேலை செய்ய வேண்டும், எது எப்போது ஓய வேண்டும் என்பதெல்லாம் வரிசை தவறாமல் நடக்கின்றன. ஒரே உயிரின் எல்லாச் செல்களிலும் ஏறத்தாழ ஒரே ஜீன்கள் இருக்கின்றன. அப்படியிருக்க, கண் கண்ணாகவும் தோல் தோலாகவும் ஆவது எப்படி? இந்தப் பெரிய கேள்விக்கு விடை தேட முட்டை ஓடு ஒரு நல்ல சாளரமாக அமைந்தது.

ஆனால் ஒரு ஜீனை மட்டும் தனியே பிரித்தெடுத்தால்தான் அதை ஆராய முடியும். இதற்கு ஒரு வழி இருந்தது. ஜீனில் உள்ள செய்தியை முதலில் ‘தூது ஆர்.என்.ஏ.’ என்னும் மூலக்கூறாகப் படியெடுத்து, அதைப் பார்த்தே செல் புரதம் செய்கிறது. பெரிய நூலகத்தில் இருக்கும் தடித்த புத்தகம் டி.என்.ஏ. என்றால், அதிலிருந்து அன்றைய வேலைக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் எழுதிக்கொண்டு வந்த சீட்டுதான் தூது ஆர்.என்.ஏ. ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ. எழுதும் நொதி ஒன்றை 1970-இல் ஹோவார்டு டெமின், டேவிட் பால்டிமோர் ஆகியோர் கண்டுபிடித்திருந்தார்கள். சீட்டிலிருந்து மீண்டும் புத்தகப் பக்கத்தை எழுத இது வழி செய்தது.

கஃபாட்டோஸ், ஆர்கிரிஸ் எஃப்ஸ்ட்ராடியாடிஸ், டாம் மேனியாடிஸ் ஆகியோர் இந்த வேலையில் இறங்கினார்கள். மூவரும் கிரேக்க வழியினர் என்பது ஒரு சுவையான செய்தி. முதலில் அவர்கள் எடுத்துக்கொண்டது பட்டுப்பூச்சியை அன்று, முயலின் இரத்தத்தை. முதிராத சிவப்பணுக்களில் உள்ள தூது ஆர்.என்.ஏ.வில் பெரும்பகுதி ஹீமோகுளோபினைச் செய்வதற்கானது. அந்தப் புரதத்தின் அமைப்பும் ஏற்கெனவே தெரியும். ஆகவே எடுத்த படி சரியா, தவறா என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும். தெரிந்ததில் சோதித்துவிட்டுத் தெரியாததற்குப் போவதுதானே நல்ல விஞ்ஞானியின் வழக்கம்?

முயலின் பீட்டா குளோபின் ஜீனின் படியை அவர்கள் சோதனைக் குழாயில் செய்து, பாக்டீரியாவுக்குள் செலுத்திப் பெருக்கினார்கள். இது 1976-இல் வெளியாயிற்று. இந்த முறையைப் பின்பற்றித்தான் பல ஜீன்கள் பிரித்தெடுக்கப்பட்டன. இரண்டே ஆண்டுகளில், அதாவது 1978-இல், வேறொரு ஹார்வர்டு குழுவினர் எலியின் இன்சுலின் ஜீனுடைய படியைக் கொண்டு பாக்டீரியாவையே இன்சுலினின் முன்வடிவத்தைச் செய்ய வைத்தார்கள். அந்தக் குழுவிலும் எஃப்ஸ்ட்ராடியாடிஸ் இருந்தார்.

அக்காலத்தில் இத்தகைய சோதனைகளைக் கண்டு பொதுமக்கள் அஞ்சினர். ஹார்வர்டு இருக்கும் கேம்பிரிட்ஜ் நகரத்தின் மன்றம் 1976-இல் சிலவகை ஜீன் சோதனைகளைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. மேனியாடிஸ் தம் வேலையை நியூயார்க் மாநிலத்தில் உள்ள கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக்கூடத்தில் தொடர வேண்டியதாயிற்று.

இரண்டு வீடுகள்

ஹார்வர்டில் இவ்வளவு நடந்துகொண்டிருந்தபோதே கஃபாட்டோஸ் கிரேக்க நாட்டிலும் பணி செய்துகொண்டிருந்தார் என்பதுதான் இவர் வரலாற்றில் கவனிக்க வேண்டிய இடம். 1972 முதல் ஏதென்ஸ் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக இருந்தார். அப்போது அந்நாட்டில் இராணுவ ஆட்சி. அது 1974-இல்தான் முடிந்தது. ஒரு பக்கம் எல்லா வசதிகளும் நிறைந்த ஆய்வுக்கூடம். மறுபக்கம் எதையும் முதலிலிருந்து கட்ட வேண்டிய சூழ்நிலை. இரண்டையும் அவர் விடவில்லை.

பின்னர் 1980-களின் தொடக்கத்தில் அவர் பார்வை சொந்த ஊரின் பக்கம் திரும்பியது. கிரீட் பல்கலைக்கழகம் அப்போது புதியது. அங்கே பேராசிரியராகி, ஹெராக்லியோனில் மூலக்கூறு உயிரியல், உயிர்த் தொழில்நுட்ப நிலையத்தை உருவாக்கி, அதன் இயக்குநராக 1993 வரை பணியாற்றினார். தலைநகரை விட்டு, கடல் நடுவே ஒரு தீவில் உலகத் தரமான ஆய்வுக்கூடம் நடக்குமா என்று கேட்பது எளிது. விடை சொல்லக் காலம் பிடித்தது. நெக்டாரியோஸ் டாவெர்னராகிஸ் என்பவர் கிரீட்டிலேயே முனைவர் பட்டம் பெற்று, அமெரிக்கா சென்று பயின்று, திரும்பி வந்து அதே நிலையத்தில் ஆய்வு செய்தார். பின்னர் அந்நிலையம் அடங்கிய ஆராய்ச்சி நிறுவனத்துக்கே தலைவரானார். கஃபாட்டோஸ் வெட்டிய கிணற்றில் ஊற்று நிற்கவில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

ஐரோப்பாவுக்கு ஆற்றிய பணி

ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் உள்ள ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வுக்கூடத்துக்கு 1993 முதல் 2005 வரை அவர் தலைமை இயக்குநராக இருந்தார். பல நாடுகள் சேர்ந்து நடத்தும் நிறுவனம் அது. அடுத்து, ஐரோப்பிய ஆராய்ச்சிக் குழுமம் 2007-இல் தொடங்கியபோது அதன் முதல் தலைவரானார். 2010 வரை அப்பொறுப்பில் இருந்தார். ‘எந்த நாட்டுக்கு எவ்வளவு பங்கு’ என்று பிரித்துக் கொடுக்காமல், ஆராய்ச்சியின் தரத்தை மட்டுமே பார்த்துப் பணம் வழங்குவது அக்குழுமத்தின் கொள்கை. இளம் விஞ்ஞானிகளுக்கான முதல் அழைப்புக்கே 9,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. தேர்வானவை சுமார் 300. சிறிய நாட்டிலிருந்து வந்த ஒருவர், சிறிய நாடுகளுக்கு ஒதுக்கீடு கேட்காமல் தரத்தைக் கேட்டார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

சிகந்தராபாத்தில் தொடங்கிய கதை

மலேரியா ஒட்டுண்ணி கொசுவின் வயிற்றில் இருப்பதை ரொனால்டு ராஸ் கண்டது நம் சிகந்தராபாத்தில்தான். நாள் 1897 ஆகஸ்டு 20. அதற்காக 1902-இல் நோபல் பரிசு பெற்றார். நூறாண்டுகளுக்குப் பின் அந்தக் கதையின் அடுத்த அத்தியாயத்தை எழுதியவர்களுள் கஃபாட்டோஸ் முக்கியமானவர். பட்டுப்பூச்சியை விட்டு அவர் கொசுவுக்கு வந்திருந்தார். ஆப்பிரிக்காவில் மலேரியா பரப்பும் ‘அனாஃபிலிஸ் காம்பியே’ கொசுவின் முழு ஜீன் தொகுதி 2002 அக்டோபரில் வெளியாயிற்று. நூற்றுக்கும் மேற்பட்டோர் சேர்ந்து செய்த அந்த வேலையில் ஹைடல்பர்க்கும் பங்கு கொண்டது; கிரீட் நிலையமும் பங்கு கொண்டது.

கொசு ஒட்டுண்ணியைச் சும்மா சுமந்து செல்லும் வண்டி அன்று என்று அவர் குழுவினர் காட்டினார்கள். கொசுவின் உடலும் ஒட்டுண்ணியை எதிர்க்கிறது. எலிகளுக்கு மலேரியா தரும் ஒட்டுண்ணியைக் கொண்டு 2004-இல் சோதித்தபோது, கொசுவின் ஒரு ஜீனை அடக்கினால் ஒட்டுண்ணிகள் பெருகின. வேறொன்றை அடக்கினால் குறைந்தன. அதாவது கொசுவுக்குள்ளேயே ஒட்டுண்ணிக்குப் பகையும் உண்டு, துணையும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023-இல் மட்டும் மலேரியாவால் சுமார் 6 இலட்சம் பேர் இறந்தனர். பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். அதனால் இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2005-க்குப் பின் இலண்டன் இம்பீரியல் கல்லூரியிலும் இந்த ஆய்வைத் தொடர்ந்த கஃபாட்டோஸ், 2017 நவம்பர் 18-ஆம் நாள் காலமானார்.

நாம் எண்ணிப் பார்க்க

‘வெளிநாடு போன பிள்ளை ஊருக்குப் பயன்பட மாட்டான்’ என்று ஒரு சாரார் சொல்கிறோம். ‘ஊரில் இருந்து என்ன சாதிக்க முடியும்’ என்று இன்னொரு சாரார் சொல்கிறோம். கஃபாட்டோஸ் இந்த இரண்டு பேச்சிலும் அடங்கவில்லை. ஹார்வர்டை விட்டுவிட்டு அவர் ஊர் திரும்பவில்லை. ஊரை மறந்து ஹார்வர்டிலேயே இருந்துவிடவும் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் இரண்டு இடங்களுக்கும் கடமைப்பட்டவராக வாழ்ந்தார். ஊருக்கு அவர் கொடுத்தது நன்கொடை மட்டுமன்று. தம் வேலையின் ஒரு பாதியையே கொடுத்தார். அங்கே படிக்க வரும் பிள்ளைக்கு, தாம் தேடிப் போன கல்வி வீட்டு வாசலிலேயே கிடைக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டார். நம்மில் எத்தனை பேரால் அப்படி முடியும் என்பது வேறு. ஆனால் நம் பிள்ளைகள் மேற்படிப்புக்குப் புறப்படும்போது, ‘போய்விட்டு எப்போது வருவாய்?’ என்பதோடு, ‘கற்றதில் எதை இங்கே கொண்டுவருவாய்?’ என்றும் கேட்டு அனுப்பலாம்.

மாணவர்கள் விடை எழுதிப் பார்க்க

1. பல்லில்லாத பூச்சி பட்டுக்கூட்டிலிருந்து வெளியே வருவது எப்படி?
2. ஜீனுக்குப் படி எடுக்க முதலில் முயலின் இரத்தத்தைத் தேர்ந்தெடுத்தது ஏன்?
3. சிகந்தராபாத்தில் ராஸ் கண்டதற்கும், 2004-இல் கஃபாட்டோஸ் குழுவினர் கண்டதற்கும் உள்ள வேறுபாடு என்ன?