கைதட்டிவிட்டு எழுந்து போகலாமா?



கல்லூரி விழா என்றால் ஒரு தன்னம்பிக்கைப் பேச்சு கட்டாயம் உண்டு. பேச வருபவர் உடல் குறையோடு போராடி ஜெயித்தவர் என்றால் ஹாலே கப்சிப் ஆகிவிடும். சிலர் கண்ணைக்கூடத் துடைத்துக் கொள்வோம். முடிந்ததும் பலத்த கைதட்டல். அப்புறம்? டீக்கடை, பஸ், அரியர் கவலை! மறுநாள் "நேத்து என்ன பேசினாங்க?" என்று கேட்டால், "நல்லா பேசினாங்க மக்கா" என்பதோடு சரி.

ஒரு மெஷினைப் பார்த்து "அடேயப்பா!" என்று சொன்னால் லேபில் மார்க் விழாது. அது எப்படி ஓடுகிறது என்று எழுத வேண்டும். அதேபோல ஒரு பேச்சாளரின் வாழ்க்கையையும் பிரித்துப் பார்ப்போமே!

பதின்மூன்று வயதில் வந்த சோதனை

மாளவிகா ஐயர் 1989-ல் கும்பகோணத்தில் பிறந்தவர். வளர்ந்தது ராஜஸ்தானில் உள்ள பிகானேரில். அங்கே ஒரு வெடிமருந்துக் கிடங்கு தீப்பிடித்து, குண்டுகள் சுற்றுவட்டாரத்தில் சிதறிக் கிடந்தன. 26-5-2002 அன்று, கிழிந்த ஜீன்ஸைப் பசை போட்டு ஒட்டி, அதைத் தட்டிச் சரிசெய்ய கனமான பொருள் ஒன்றைத் தேடி எடுத்தார். அது வெடிக்காமல் கிடந்த கையெறி குண்டு! இரண்டு கைகளும் போயின. கால்களிலும் பலத்த காயம். சென்னையில் நீண்ட காலம் சிகிச்சை, பல அறுவை சிகிச்சைகள்.

பத்தாம் வகுப்புத் தேர்வுக்குச் சில மாதங்களே இருந்தன. தனித்தேர்வராகப் பதிவு செய்தார். அவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதினார். மாநில அளவில் ரேங்க்! குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அழைத்துப் பாராட்டினார். பிறகு டெல்லியில் பொருளாதாரம், சமூகப்பணி, சென்னையில் முனைவர் பட்டம் என்று படிப்பு வளர்ந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அவருடைய வலது கை முனையில் சதை மூடாத ஒரு எலும்பு நீட்டிக் கொண்டிருக்கிறது. எதிலாவது பட்டால் உயிர் போகும் வலி. ஆனால் அந்த எலும்பைத்தான் அவர் ஒற்றை விரலாக்கிக் கொண்டார். அதனால்தான் டைப் செய்கிறார். முனைவர் பட்ட ஆய்வேட்டையும் அப்படித்தான் அடித்தார். அந்த ஆய்வே, உடல் குறை உள்ளவர்களைச் சமூகம் எப்படி ஒதுக்குகிறது என்பதைப் பற்றியது.

மறைத்ததும் பேசியதும்

இவ்வளவு சாதித்தவர், பல வருடங்கள் தன் நிலையை மற்றவர்களிடமிருந்து மறைத்தே வாழ்ந்தார். விபத்து நடந்து பத்து ஆண்டு ஆனபோதுதான், 2012-ல், முகநூலில் மனம்விட்டு எழுதினார். அது பரவியது. 2013-ல் சென்னையில் இளைஞர்களுக்கான டெட்எக்ஸ் மேடையில் பேச அழைப்பு வந்தது. 2017 மார்ச்சில் நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்திலும் பேசினார். 2018-ல் நாரி சக்தி விருது பெற்றார்.

ரேங்க் வாங்கியவரையே பத்து வருடம் மறைய வைத்தது எது? கை இல்லாததா? இல்லை நண்பர்களே, பார்க்கிறவர்களின் பார்வைதான்! "ஐயோ பாவம்" என்ற பார்வை. அது நம் கண்ணிலும் இருக்கிறது. அவர் பேச்சு திருத்த வருவது அதைத்தான்.

பக்கத்தில் ஒரு பாடசாலை

பார்வை மாறினால் அடுத்து என்ன செய்வது? அதற்கு நியூயார்க் போக வேண்டாம். திருநெல்வேலிக்கு பஸ் ஏறி, தென்காசிப் பக்கம் ஆய்க்குடிக்குப் போனால் போதும்.

எஸ்.ராமகிருஷ்ணன் கோவையில் பொறியியல் படித்த மாணவர், நம்ம ஆள்! 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வுக்காகப் பெங்களூர் போனார். உடல் திறன் சோதனையில் உயரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் பாதித்தது. கழுத்துக்குக் கீழே செயலற்றுப் போனது. ஆனாலும் 1981-ல், ஐ.நா. அறிவித்த ஊனமுற்றோர் ஆண்டில், சொந்த ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரையே அதற்கு வைத்தார். தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இயங்கும் ஆடிட்டர் சங்கரராமன் பின்னர் தோள் கொடுத்தார். பள்ளி, சிகிச்சை, தொழிற்பயிற்சி, செயற்கைக் கால் செய்யும் பட்டறை என்று அது வளர்ந்தது. ராமகிருஷ்ணனுக்கு 2020-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

நமக்கு என்ன வேலை?

1) சிவில் நண்பர்களே! சக்கர நாற்காலிக்கான சரிவுப்பாதை 1:12 அளவில் இருக்க வேண்டும். 15 செ.மீ. படி மூன்று என்றால் உயரம் 45 செ.மீ.; சரிவின் நீளம் 5.4 மீட்டர். சும்மா ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால் அது சரிவுப்பாதை அல்ல, சறுக்குமரம்! நம் கட்டடத்தில் டேப்பை வைத்து அளந்து பாருங்கள்.

2) மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களே! ஒரு எலும்பு முனையால் ஒருவர் ஆய்வேடு அடிக்கிறார். அவருக்கு ஏற்ற கீபோர்டு, பிடிப்பான், சுவிட்ச் நம் கடைசி செமஸ்டர் புராஜெக்ட் ஆகலாமே! ஆனால் முதலில் பயன்படுத்தப் போகிறவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

3) எல்லோரும் தெரிந்து கொள்ள வேண்டியது: 2016-ம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 1995 சட்டத்தில் ஏழுதான் இருந்தன. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடமும், அரசு வேலையில் 4 சதவீதமும் உண்டு. வீட்டோடு முடங்கியிருக்கும் பக்கத்து வீட்டுத் தம்பியிடமும் தங்கச்சியிடமும் இதைச் சொல்லுங்கள். தெரியாமலே போன இடங்கள் எத்தனையோ!

காலிப்பர் போட்ட ஒரு மாணவர் அடுத்த ஜூனில் நம் வகுப்புக்கு வரலாம். அவர் மேடையேறி நம்மை அழவைக்க வேண்டியதில்லை. லேபுக்கு நம்மோடு வந்து, நம்மோடு சண்டை போட்டு, நம்மைப் போலவே அரியரும் வைத்து பாஸாகட்டும்! அதற்கு வழி செய்வதுதான், கேட்ட பேச்சுக்கு நாம் தட்டும் உண்மையான கைதட்டல்.