சோரியாசிஸ் மூட்டழற்சி: நோயாளர் வேண்டுவது என்ன?

முன்னுரை

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரத்தின் நிறைவில் மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணுகின்ற வள்ளுவர், நோயுற்றவனையே முதலில் வைக்கிறார். மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுபவன் ஆகிய மூவரும் அவனுக்குப் பின்னரே வருகின்றனர். இந்த வரிசையின் பொருளை நான் உணர்ந்தது வகுப்பறையில் அன்று. சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் பேருந்தில்.

என் அத்தை ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றில் பழம் பறிப்பவர். பல ஆண்டுகளாக அவருடைய முழங்கையிலும் தலையிலும் செதில் செதிலாகப் படை இருந்தது. பின்னர் விரல்கள் வீங்கின; காலையில் எழுந்தால் கை மடங்காது. மலையிறங்கி மருத்துவம் பார்த்து வந்தோம். ஒருநாள் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த மருத்துவர், “நன்றாகக் குறைந்திருக்கிறது” என்றார். அத்தையும் தலையசைத்தார். திரும்பும் வழியில், கொண்டை ஊசி வளைவு ஒன்றில் பேருந்து திரும்பும்போது அவர் மெல்லச் சொன்னார்: “ரிப்போர்ட்டு நல்லா இருக்குதாம் கண்ணு. தலைமுடியை அள்ளி முடியத்தான் கை ஏற மாட்டேங்குது.”

அந்தத் தாளுக்கும் அந்தக் கைக்கும் இடையே உள்ள தொலைவே இக்கட்டுரையின் பொருளாகும்.

நோயின் இயல்பு

சோரியாசிஸ் என்பது சித்த மருத்துவத்தார் காளாஞ்சகப் படை என்று வழங்கும் தோல் நோய். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்குவதால் இது தோன்றுகிறது. இது தொற்றுநோய் அன்று. தொட்டாலோ, ஒரே குவளையில் நீர் அருந்தினாலோ பரவாது.

இந்நோய் உடையவர்களுள் ஒரு பகுதியினருக்கு, பெரும்பாலும் தோலில் படை தோன்றிச் சில ஆண்டுகள் கழித்து, மூட்டுகளிலும் அழற்சி உண்டாகிறது. இதுவே சோரியாசிஸ் மூட்டழற்சி. 1973இல் இங்கிலாந்தைச் சேர்ந்த மால், ரைட் என்னும் மருத்துவர் இருவர் இதனை ஐந்து வகையாகப் பகுத்துக் காட்டினர். ஒரு விரல் முழுவதும் திரண்டு வீங்குதல், குதிகாலில் தசைநார் எலும்போடு சேருமிடத்தில் வலி, நகத்தில் ஊசி குத்தியது போன்ற குழிகள், முதுகின் விறைப்பு ஆகியவை இதன் அடையாளங்கள்.

ஈண்டு ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். முடக்குவாதத்தைக் காட்டும் இரத்தச் சோதனை இந்நோயில் பெரும்பாலும் எதிர்மறையாகவே வரும். அழற்சியைக் காட்டும் அளவுகளும் பலருக்கு இயல்பாகவே இருக்கக்கூடும். ஆகவே தாளை மட்டும் நம்பினால் நோயாளியின் துன்பம் கணக்கில் வாராமலே போகும்.

நோயாளர் வேண்டுவன

இவ்வாறிருக்க, நோயாளர் உண்மையில் வேண்டுவது என்ன? இவ்வினாவை அவர்களிடமே கேட்டறிந்து ஐரோப்பிய வாதநோய் எதிர்ப்புக் கழகத்தின் சார்பில் ஒரு வினாப்பட்டியல் உருவாக்கப்பட்டு 2014இல் வெளிவந்தது. எதை அளப்பது என்பதை மருத்துவர் மட்டும் முடிவு செய்யாமல், நோயாளரும் உடனமர்ந்து தேர்ந்தெடுத்தமை இதன் சிறப்பாகும்.

அப்பட்டியலில் 12 வினாக்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் நோயாளி 0 முதல் 10 வரை மதிப்பெண் இடுகிறார். ஆனால் எல்லா வினாக்களுக்கும் ஒரே எடை இல்லை. மொத்த எடையை 20 பங்காகக் கொண்டால் வலிக்கு 3 பங்கு. சோர்வு, தோல் துன்பம், வேலையும் பொழுதுபோக்கும், அன்றாடச் செயல்திறன், உடல் அசௌகரியம், உறக்கம் ஆகிய ஆறுக்கும் தலா 2 பங்கு. நோயைத் தாங்கிக்கொள்ளும் மனநிலை, அச்சம், கூச்சம், பிறரோடு பழகுதல், மனச்சோர்வு ஆகிய ஐந்துக்கும் தலா 1 பங்கு.

இக்கணக்கை நான் பலமுறை எண்ணிப் பார்த்தேன். நோயாளர் முதலில் வேண்டுவது வலி நீங்குதலே என்பதில் ஐயமில்லை. ஆயினும் வலிக்குரியவை 3 பங்கு போக எஞ்சிய 17 பங்கும் பிறவற்றுக்கு உரியவை! வலிமாத்திரை ஒன்றைத் தந்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுவது எத்துணைப் பிழை என்பதை இது உணர்த்துகிறது. குறிப்பாகச் சோர்வு என்பது சோம்பல் அன்று; நோயின் ஒரு கூறு. மருந்தாய்வுகளில் கட்டாயம் அளக்க வேண்டியவற்றுள் ஒன்றாக அது 2016இல் நோயாளர் பங்கேற்புடன் சேர்க்கப்பட்டது.

நோய் போதிய அளவு அடங்கிவிட்டதா என அறிய 2010 முதல் வழங்கிவரும் அளவுகோலும் ஈண்டு நினையத் தக்கது. அதன் 7 கூறுகளுள் 5 நிறைவேற வேண்டும். வலி, நோயின் ஒட்டுமொத்தத் துன்பம், அன்றாடச் செயல்திறன் ஆகிய 3 கூறுகள் நோயாளியின் வாய்மொழியைக் கொண்டே அறியப்படுவன.

மலையில் வாழ்வோர் நிலை

சேர்வராயன் மலையில் இப்பட்டியலை வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு வரிக்கும் பொருள் விளங்கும். காப்பிப் பழம் பழுக்கும் கார்த்திகை, மார்கழித் திங்களில் விடியற்காலைப் பனியில் விரல் நுனியால் பழுத்ததை மட்டும் தேர்ந்து பறிக்க வேண்டும். விரல் மடங்காதவருக்குக் கூலி ஏது? சரிவில் ஏறி இறங்கக் குதிகால் ஒத்துழைக்க வேண்டும். மருத்துவரைக் காண மலையிறங்கினால் ஒருநாள் கூலி போயிற்று. படை வெளியே தெரிந்தால் திருமண வீட்டில் பந்தியில் அமரக் கூச்சம். இவை யாவும் நோயின் பகுதிகளே.

நாங்கள் செய்தது

அடுத்த முறை செல்லுமுன் அத்தையைக் கேட்டு மூன்றே வரிகள் எழுதினேன். தலைமுடி முடிய வேண்டும். இரவில் உறங்க வேண்டும். அரைநாளாவது பழம் பறிக்க வேண்டும். மருத்துவர் அதனைப் படித்தார். தோள்மூட்டைத் தொட்டுப் பார்த்தார்; குதிகாலையும் அழுத்திப் பார்த்தார். மருந்தின் அளவை மாற்றி, இயன்முறைப் பயிற்சிக்கும் எழுதித் தந்தார். சில மாதங்களில் அத்தை தாமே கொண்டை முடிந்துகொண்டார். முழுநாள் வேலை இன்னும் கூடவில்லை. எனினும் மருத்துவம் எதை நோக்கிச் செல்கிறது என்பது இப்போது இருவருக்கும் தெரியும்.

மருந்துகள் பற்றிச் சில எச்சரிக்கைகளும் கூறவேண்டும். மெத்தோடிரெக்சேட் என்னும் மாத்திரை இந்நோய்க்கு வாரம் ஒருமுறை மட்டுமே உண்ணத் தக்கது. நாள்தோறும் உண்டால் உயிருக்கே கேடு. ஸ்டீராய்டு மாத்திரையைத் தாமாகவே திடீரென நிறுத்தினால் தோல்நோய் கடுமையாகக் கூடும். எட்டனர்செப்ட் போன்ற உயிரியல் ஊசிகள், 2002இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு ஒப்புதல் பெற்றது தொட்டுப் பெரும்பயன் தந்து வருகின்றன. ஆனால் மறைந்துள்ள காசநோய் உண்டா என்று முதலில் சோதித்தறிதல் இன்றியமையாதது.

முடிவுரை

சோரியாசிஸ் மூட்டழற்சியை அடியோடு நீக்கும் மருந்து இன்றில்லை. அடக்கி வைக்கும் மருந்துகள் உண்டு. அவற்றால் எதைப் பெற வேண்டும் என்பதை நோயாளியே சொல்ல வேண்டும். மருத்துவர் கேட்க வேண்டும். மாணவ நண்பர்களே! உங்கள் இல்லத்தில் நெடுநாள் நோயுற்றவர் எவரேனும் இருப்பின், மருத்துவமனைக்குப் புறப்படுமுன் அருகமர்ந்து, “உங்களுக்கு என்ன செய்ய முடிந்தால் போதும்?” என்று கேளுங்கள். விடையை ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். பரிசோதனைத் தாளோடு அந்தத் தாளும் மருத்துவரின் மேசைக்குச் செல்லட்டும்.