வாங்க, உட்காருங்க

அம்மாடி, நாளை முதல் ஓ.பி.யில் உட்காரப் போகிறாய். மருந்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. என்னைவிடப் புதிதாகப் படித்தவள் நீ. நாற்பது ஆண்டில் நான் செய்த பிழைகளை எண்ணிப் பார்த்தால், படிப்பு போதாமல் வந்தவை கொஞ்சம். காது கொடுக்காமல் வந்தவைதான் அதிகம். அவற்றில் சிலவற்றை எழுதுகிறேன்.

1. முதலில் நீ உட்கார். நின்றபடி கேட்கிற மருத்துவர் கிளம்பத் தயாராக இருக்கிறார் என்று நோயாளிக்குத் தெரியும். வார்டில் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள். எவ்வளவு எளியவரானாலும் வா, போ என்று பேசாதே. "வாங்க, உட்காருங்க" என்ற சொல்லிலேயே பாதி பயம் இறங்கிவிடும்.

2. முதல் பேச்சை அறுக்காதே. 1984-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நோயாளி பேசத் தொடங்கி சராசரியாக 18 நொடியில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார். 2002-இல் வந்த ஒரு சுவிட்சர்லாந்து ஆய்வில் குறுக்கிடாமல் விட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 92 நொடியில் நோயாளிகளே பேசி முடித்துவிட்டார்கள். வரிசை நீளம் என்று சொல்லி இத்தனை ஆண்டும் நான் மிச்சம் பிடித்தது அந்த ஒன்றரை நிமிடத்தைத்தான்.

3. அவர் சொல்லுக்கு அவரிடமே பொருள் கேள். சர்க்கரை நோயுள்ள ஒரு பாட்டி "வாயு புடிச்சிருக்கு" என்றார். நானும் வாயு என்றே எழுதி, மாத்திரை கொடுத்து அனுப்பினேன். இரவு மாரடைப்போடு தூக்கி வந்தார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சு வலிக்காமலே மாரடைப்பு வரலாம் என்று படித்தவன்தான் நான். "நடந்தா கூடுதா? வேர்க்குதா? மூச்சு வாங்குதா?" என்ற மூன்று கேள்வி என் வாயில் வரவில்லை.

4. கூட வந்தவரையும் கேள்; நோயாளியைத் தனியாகவும் கேள். மாமியார் பேசப் பேசத் தலைகுனிந்திருந்த ஒரு பெண், அவரை மருந்து வாங்க அனுப்பிய பிறகுதான் கைக்காயம் எப்படி வந்தது என்று சொன்னாள்.

5. அதட்டிக் கேட்டால் பொய்தான் வரும். "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "நிறைய பேருக்கு நடுநடுவே விட்டுப்போகுது, உங்களுக்கு எப்படி?" என்று கேள். குடி, பீடி, நாட்டு மருந்து எல்லாம் அப்படித்தான் வெளியே வரும். சுளித்த முகத்தின் முன் யாரும் மூட்டையை அவிழ்ப்பதில்லை.

6. நீ சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று பார். "சாப்பாட்டுக்குப் பிறகு மூணு வேளை" என்று நான் சொல்லி அனுப்பிய கூலித் தொழிலாளி, காய்ச்சல் தணியாமல் திரும்பி வந்தார். பொட்டலத்தில் மாத்திரை மிச்சமிருந்தது. அவர் இரண்டு வேளைதான் சாப்பிடுகிறவர். "புரிஞ்சுதா?" என்று கேட்காதே, "வீட்டுல எப்படிப் போடுவீங்க, சொல்லுங்க" என்று கேள்.

7. கதவு வரை போனவர் திரும்பி "அப்புறம் டாக்டர்…" என்று இழுத்தால், பேனாவைக் கீழே வை. பல நேரம் அவர் சொல்ல வந்ததே அதுதான். ஒருமுறை அப்படித் திரும்பியவரிடம் "அடுத்த வாரம் வாங்க" என்றேன். அவர் வரவில்லை. என்ன சொல்ல வந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நீ அப்படித் திரும்புகிறவரை மறுபடி உட்காரச் சொல், கண்ணு.